கை வைக்கும் முன் கேளுங்கள்: குமரி வாசகர்களின் காட்டுயிர்க் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் காடு, குளம், கடல் மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். அதனால்தானோ என்னவோ, "நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?" என்று கேட்டு இங்கிருந்து நிறையக் கடிதங்கள் வருகின்றன. கீழே உள்ள பதில்களில் "தொடாதீர்கள்", "காத்திருங்கள்" என்ற சொற்கள் அடிக்கடி வரும். உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காகச் சொல்வதல்ல. நல்ல மனதோடு, தவறான நேரத்தில் செய்த உதவியாலேயே பல உயிர்கள் போகின்றன.

எங்கள் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் தேரூர் குளத்தில் பறவை எண்ண ஆசைப்படுகிறார்கள். சுற்றுலா போல ஆகிவிடக் கூடாது. எப்படிச் செய்தால் அந்தக் கணக்கு பயன்படும்?
– ஆசிரியை, சுசீந்திரம்

முப்பது பேரும் ஒரே கரையில் நின்றால் பறவை எல்லாம் எதிர்க்கரைக்குப் போய்விடும். ஐந்து பேராக ஆறு குழு பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு போதும். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, மற்றவர்கள் வெறும் கண்ணால் தேட வேண்டும். எழுதுபவர் பைனாகுலரைத் தொடக் கூடாது. தொட்டால் இரண்டு வேலையும் கெடும். வாங்குவதானால் 8x42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவி. 10 மடங்கு பெரிதாக்கும் கருவி பிள்ளைகளின் கையில் ஆடும், பறவை பார்வைக்குள் நிற்காது.

காலை 6.30-க்குக் கீழைக்கரையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். மேலைக்கரையில் நின்றால் காலை வெயில் கண்ணில் அடிக்கும். நீர்க்காகமும் தாழைக்கோழியும் ஒரே கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

கூட்டத்தை எண்ணும் முறை இது. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு இடமிருந்து வலமாக, அது போல எத்தனை பத்து இருக்கிறது என்று எண்ண வேண்டும். கூட்டம் எழும்பி வேறு பக்கம் இறங்கினால் அந்த நேரத்தையும் திசையையும் குறித்துவிடுங்கள். பள்ளிக் கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை வீங்குவதற்கு முதல் காரணம், பறந்து போன அதே கூட்டத்தை அடுத்த குழு மறுபடி எண்ணுவதுதான். எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடித்தால் இது வெகுவாகக் குறையும்.

இரண்டாவது சிக்கல் வெள்ளைக் கொக்குகள். கறுத்த அலகும் மஞ்சள் விரல்களும் இருந்தால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகு குட்டையாக இருந்து, மாட்டுக்குப் பின்னால் திரிந்தால் உண்ணிக்கொக்கு. வாயின் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் நீண்டு, கழுத்து ஒடிந்ததுபோல் வளைந்திருந்தால் பெரிய கொக்கு. உறுதியாகத் தெரியாததை "கொக்கு, வகை தெரியவில்லை" என்றே எழுதட்டும். ஊகித்து ஒரு பெயர் போடுவதைவிட இந்த நேர்மை ஆய்வாளருக்கு உதவும்.

கணக்கை 'இ-பேர்ட்' என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றுங்கள். இலவசம்தான். ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் பார்த்திருக்க வேண்டும். கண்ட எல்லா இனத்தையும் பதிந்தீர்களா என்று செயலி கேட்கும். காக்கா, மைனாவையும் விடாமல் எழுதியிருந்தால் மட்டும் "ஆம்" சொல்லுங்கள். எண்ணிக்கை போட முடியாத இடத்தில் 'எக்ஸ்' குறி இடலாம், ஆனால் தோராயமான எண் அதைவிட மேல்.

நாள் தேர்வில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு மற்றொன்று. அது 1987 முதல் நடக்கிறது. ஆனால் இவை தொடக்கமாக இருக்கட்டும். அதே கரை, அதே நேரம், மாதம் ஒரு முறை என்று ஆண்டு முழுக்கச் செய்தால்தான் ஊசிவால் வாத்து எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று தெரியும். ஒன்றுமே இல்லாத நாளின் பட்டியலையும் ஏற்றுங்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 94.23 ஹெக்டேர், 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே என்ன குறைகிறது, என்ன கூடுகிறது என்று காட்ட இப்படித் தொடர்ந்து வரும் பதிவுகளே சான்று.

வீட்டில் ஆறு வருடமாகப் பச்சைக்கிளி வளர்க்கிறோம். குற்றம் என்று இப்போதுதான் தெரிந்தது. கூண்டைத் திறந்து விட்டுவிடலாமா?
– இல்லத்தரசி, தக்கலை

விடாதீர்கள். ஆறு வருடம் கூண்டில் இருந்த கிளிக்குப் பறக்கும் தசை வலுவிழந்திருக்கும், இரை தேடவும் தெரியாது. அன்று மாலைக்குள் பூனையிடமோ காக்கையிடமோ மாட்டிக்கொள்ளும். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், வளர்ப்பில் உள்ள காட்டுயிரைத் தாமாக முன்வந்து எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படைக்க வழி செய்திருக்கிறது. பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கிளியை நேரில் கொடுங்கள். இழப்பீடு கிடையாது. வாங்கிய கடையின் விவரத்தையும் சொன்னால், அங்கே கூண்டில் இருக்கும் மற்றக் கிளிகளுக்கு அது பேருதவி.

கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) இழுக்கும்போது சில நாள் ஆமை வருகிறது. ராத்திரி போட்ட வலையில் மாட்டினது செத்த மாதிரியே கிடக்கும். என்ன செய்ய வேண்டும்? சொன்னால் எங்கள் மேல் கேஸ் ஆகுமோ என்று பயம்.
– மீனவர், ராஜாக்கமங்கலம் துறை

பயப்பட வேண்டாம். ஆமையைக் கொல்வது, வெட்டுவது, இறைச்சியோ முட்டையோ விற்பது, வைத்திருப்பது ஆகியவையே குற்றம். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை, வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தானாக வலையில் ஏறியதை உயிரோடு கடலில் விடுவது குற்றமாகாது.

ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. கரமடி சீக்கிரம் கரைக்கு வந்துவிடுவதால் அதில் வரும் ஆமை பெரும்பாலும் தெம்பாக இருக்கும். இரவெல்லாம் கிடக்கும் வலையில் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மயங்கிப் போகும். அசைவே இல்லாததால் செத்துவிட்டது என்று நினைத்துக் கடலில் தள்ளினால், மயக்கத்திலேயே மூழ்கி உண்மையாகவே செத்துவிடும். இந்த ஒரு விஷயத்தைத் துறையில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

மயங்கிய ஆமையைத் துடுப்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, மூட்டு விலகிவிடும். ஓட்டின் முன்னும் பின்னும் இருவர் பிடித்து வள்ளத்தில் வையுங்கள். வயிறு கீழே இருக்க வேண்டும், மல்லாத்தக் கூடாது. பின்பக்கம் ஒரு சாண் உயரம் இருக்கும்படி, அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர், கட்டையோ சுருட்டிய வலையோ கொடுங்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் வாய் வழியாக வடியும். நிழலில் வைத்து நனைத்த சாக்கை ஓட்டின் மேல் போடுங்கள், மூக்கை மூடிவிடாதீர்கள். தொட்டித் தண்ணீரில் போடவே கூடாது. அவ்வப்போது கண்ணோரம் மெல்லத் தொட்டும், வாலை லேசாகக் கிள்ளியும் பாருங்கள்; சிறு துடிப்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிய 4 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். தலை தூக்கித் துடுப்பு அடிக்கத் தொடங்கிய பிறகு, எஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாக இறக்குங்கள்.

வலை கழுத்திலோ துடுப்பிலோ சுற்றியிருந்தால் கண்ணியை அறுத்து முழுவதும் எடுங்கள். நைலான் தங்கூசித் துண்டு ஒன்று விட்டுப்போனாலும் அது இறுகி இறுகித் துடுப்பையே அறுத்துவிடும். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. திமிங்கலச் சுறாவும் முதல் அட்டவணையில் இருக்கிறது. அது மாட்டினால் வலையை அறுத்துவிடுவது தவிர வேறு வழியில்லை. வலை நஷ்டம் பெரிய நஷ்டம்தான். அறுத்த வலையைப் படம் எடுத்து மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் எழுதிக் கொடுங்கள்.

நாங்கள் கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர். சங்குத்துறை, சொத்தவிளை பக்கம் இரவில் ஆமை நடை போக விரும்புகிறோம். அனுமதி வேண்டுமா?
– மாணவர், நாகர்கோவில்

கட்டாயம் வேண்டும். கடற்கரையில் நடக்க யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் முட்டையைத் தொடவும் இடம் மாற்றவும் வனத்துறையின் அனுமதியும் ஆட்களும் இருந்தாக வேண்டும். டிசம்பரிலேயே மாவட்ட வன அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். இங்கே முட்டையிடும் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

பத்துப் பேர் ஒன்றாக நடக்காதீர்கள். இருவர் இருவராக, அலை தொட்டுப் போகும் ஈர மணலில் நடந்தால் ஆமை ஏறிய தடம் குறுக்கே தெரியும். சிறு டிராக்டர் டயர் போன தடம் மாதிரி. ஆமை மேலே ஏறிக்கொண்டிருந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். இந்த நேரத்தில் டார்ச் அடித்தால் குழி தோண்டாமலே திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிய பிறகு பின்பக்கமாக நெருங்கலாம். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய சிறு விளக்கு மட்டும் போதும். செல்போன் திரையின் வெளிச்சமும் வெளிச்சம்தான்.

பொதுவாக ஒரு குழியில் 100 முதல் 120 முட்டைகள். பொரிப்பகத்துக்கு மாற்றுவதானால் இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். அதன் பிறகு கரு ஓட்டின் மேல்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். முட்டையைப் புரட்டினால் கரு கலைந்துவிடும். எடுத்த முட்டையை எடுத்த வாக்கிலேயே, உருட்டாமல், குழியின் ஈர மணலோடு வாளியில் அடுக்க வேண்டும். பொரிப்பகக் குழி சுமார் 45 சென்டிமீட்டர் ஆழம், வாய் குறுகி அடி அகன்று பானை போல இருக்க வேண்டும். மேலோட்டமாகத் தோண்டினால் வெயில் சூட்டில் கரு வெந்துபோகும். மணலின் சூடு குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அதனால்தான் நிழல்வலை கட்டுகிறார்கள்.

குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும். இதில் உங்களிடம் வற்புறுத்திக் கேட்பது ஒன்று: இரவில் வந்த குஞ்சுகளைக் காலையில் விருந்தினர் வரும்வரை தொட்டியில் வைத்திருக்கும் வழக்கத்துக்குத் துணை போகாதீர்கள். வெளிவந்த முதல் சில மணி நேரத்து வேகத்தில்தான் அவை கரையோர மீன்களைத் தாண்டி ஆழத்துக்குப் போயாக வேண்டும். அந்த வேகத்தைத் தொட்டிக்குள்ளேயே செலவழித்துவிட்டுக் களைத்துப்போய்க் கடலில் இறங்கும் குஞ்சுக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. வந்த உடனே, இருட்டிலேயே, தினம் வேறு வேறு இடத்தில் விட வேண்டும். கையில் எடுத்துத் தண்ணீரில் போடாதீர்கள், மணலில் தானாக நடந்து போகட்டும்.

இரவு நடை வராத நண்பர்களுக்கும் வேலை இருக்கிறது. கடலைப் பார்த்து எரியும் விடுதி விளக்கு, கோயில், ஆலய விளக்கு, தெருவிளக்கு ஆகியவற்றைப் பட்டியல் எடுத்து, ஜனவரி முதல் மே வரை அணைக்கவோ தரைப்பக்கம் திருப்பவோ கேளுங்கள். குஞ்சு வெளிச்சத்தை நோக்கி ஓடும்; கடல் பக்கம் இருட்டி, ரோட்டுப் பக்கம் வெளிச்சமாக இருந்தால் ரோட்டுக்குத்தான் போகும்.

மரத்திலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சை எடுத்துப் பால் கொடுத்தோம். மறுநாளே செத்துவிட்டது. எங்கே தவறு?
– வாசகி, மார்த்தாண்டம்

பாலில்தான். எந்தப் பறவைக்கும் பால் செரிக்காது. வாயில் ஊற்றும் தண்ணீர்கூட மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இனி இப்படி ஒரு குஞ்சு கிடைத்தால் காற்று ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டாக, அமைதியான இடத்தில் வையுங்கள். காயம் இல்லையென்றால் மாலையில் அதே மரத்தில், எட்டும் உயரத்தில் கூடையைக் கட்டி அதில் வைத்துவிட்டு விலகுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. ஆந்தைத் தாய் இருட்டியதும் குஞ்சின் குரல் கேட்டு வரும். ரத்தம், தொங்கும் இறக்கை, பூனை கடித்த தடம் இருந்தால் மட்டும் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும்.

மரச்சீனியும் வாழையும் காட்டுப்பன்றிக்கே போகிறது. பக்கத்து விளைக்காரர் இரவில் நேரடியாகக் கரண்ட் கம்பி இழுக்கிறார். வேறு வழி என்ன?
– விவசாயி, குலசேகரம்

உங்கள் வேதனை நியாயமானது. காட்டையொட்டி விவசாயம் செய்பவரின் நஷ்டத்தைப் பேசாமல் பாதுகாப்பு பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்தக் கம்பியை நாளையே எடுக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் விடாமல் பாயும் கம்பி தொட்டவரை விடாது. பன்றிக்கு வைத்ததில் மிளாவும் யானையும் சாகும், விடியற்காலை ரப்பர் பால்வெட்டப் போகிறவரும் சாவார். சொல்லிக் கேட்கவில்லை என்றால் மின்வாரியத்துக்கும் வனத்துறைக்கும் தெரிவிப்பது காட்டிக்கொடுப்பது ஆகாது. சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காயும் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி) அதே வகைதான். சுருக்கு கண்ணில் பட்டால் நீங்களே அவிழ்க்காதீர்கள். படமும் இடமும் குறித்து வனச்சரகத்தில் சொன்னால்தான் வழக்குக்குச் சான்று நிற்கும்.

சட்டப்படி உள்ளது சூரிய மின்வேலி. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கருவி, ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் அதிர்வு அனுப்பும். பன்றி மிரண்டு ஓடும், சாகாது. 2023-இல் தமிழ்நாடு கொண்டுவந்த மின்வேலி விதிகளின்படி பதிவும் அனுமதியும் வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பொருள் வாங்குங்கள்.

பன்றிக்குக் கீழ்க்கம்பி தரையிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர், அடுத்தது 45 சென்டிமீட்டர். பன்றி மூக்கை முன்னால் நீட்டித்தான் வரும். ஈர மூக்கில் பட்டால் ஒரே முறையில் பாடம் படிக்கும். கம்பி உயரமாக இருந்தால் மயிர் அடர்ந்த முதுகில் உரசிக்கொண்டு உள்ளே போய்விடும். "வேலி போட்டேன், வேலை செய்யவில்லை" என்பவர்களின் விளையில் பெரும்பாலும் இரண்டு குறைகளில் ஒன்று இருக்கும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டு அதிர்வு எல்லாம் மண்ணுக்குப் போய்விடுவது முதல் குறை. இரண்டு மழைக்காலமும் பெய்யும் நம் மாவட்டத்தில் வாரம் ஒரு முறை வேலியடியை வெட்டியே ஆக வேண்டும். எர்த் சரியில்லாதது இரண்டாவது. ஒரே ஒரு சிறு கம்பியை அடித்துவிட்டுப் போகிறார்கள். 2 மீட்டர் நீளத்தில் மூன்று கம்பிகள், 3 மீட்டர் இடைவெளியில், ஈரம் இருக்கும் இடத்தில் அடித்து இணைக்க வேண்டும்.

சேதம் நடந்தால் அழிந்த பயிரை அப்புறப்படுத்தும் முன் தேதி தெரியும்படி படம் எடுத்து, சர்வே எண்ணோடு மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகரிடமும் கொடுங்கள். சுத்தம் செய்த பிறகு போனால் இழப்பீட்டுக்குச் சான்று இருக்காது.

குளியலறையில் பாம்பு வந்தால்?
– வாசகர், அழகியபாண்டியபுரம்

கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியைத் திணித்துவிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது வனச்சரக அலுவலகத்துக்குப் பேசுங்கள். பயிற்சி இல்லாத பையன்களைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கை காலை அசைக்காமல் 108-இல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. கட்டுவிரியன் கடி வலிக்காமலும் இருக்கும். தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி, இமை கனக்கிறது என்றால் தாமதிக்காதீர்கள்.

எங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத் தாமரை, கரையில் கோழிக்கழிவு. இளைஞர்கள் சேர்ந்து சுத்தம் செய்து மரமும் நடலாம் என்று இருக்கிறோம். ஆலோசனை சொல்லுங்கள்.
– வார்டு உறுப்பினர், இரணியல் அருகே

ஆகாயத் தாமரையைப் பூக்கும் முன் எடுங்கள். வேரோடு இழுத்து, கரையிலிருந்து தள்ளி, மழைத் தண்ணீர் திரும்பக் குளத்துக்கு இழுத்து வராத மேட்டில் குவிக்க வேண்டும். கரை ஓரத்திலேயே போட்டுவிட்டுப் படம் எடுத்துப் போன இடங்களில் அடுத்த மழையில் மறுபடி மூடிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி இது. சேற்றில் விழுந்த விதை பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமையைவிட, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பத்துப் பேர் வருவதே பலன் தரும். களைக்கொல்லி தெளிக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மீனும் நத்தையும் சேர்ந்து போய்விடும்.

எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடவும் கூடாது. தாமரை, ஆம்பல், கோரை, கரையோரத் தாழை இவற்றை விட்டுவிடுங்கள். இலைக்கோழி மிதக்கும் இலை மேலேயே முட்டையிடும். நீலத்தாழைக்கோழி கோரைக்குள் கூடு கட்டும். இறங்கும் முன் ஒருவர் சுற்றிப் பார்த்து, கூடு உள்ள இடத்தில் குச்சி நட்டு, அந்தப் பக்கம் போகாமல் வேலை செய்யுங்கள்.

மரம் நடுவதைக் கொஞ்சம் யோசியுங்கள். தண்ணீர் வற்றும்போது தெரியும் சேற்றுப்பகுதி வெற்றிடம் போலத் தோன்றும். சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவை வகைகளுக்கு அந்தத் திறந்த சேறும், சில விரற்கடை ஆழத் தண்ணீருமே உணவுத் தட்டு. அங்கே மரம் நட்டால் பருந்து உட்கார இடம் கிடைக்கும், உள்ளான் வராது. வெளிக்கரையில் அயனி, நாவல், ஆல் நடுங்கள், போதும்.

கழிவுக்கு உழைப்பைவிடக் காகிதம் வேலை செய்யும். உயிரியல் பன்மைச் சட்டம், 2002 ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊராட்சியில் அதன் உறுப்பினர்கள் யார், ஊரின் உயிரினங்களை எழுதிவைக்கும் மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேடு எங்கே என்று கேளுங்கள். பதிவேடு பெயருக்கு இருந்தால், குளத்து மீன், செடி, பறவைகளைப் பெரியவர்களிடம் கேட்டு ஊர் வழக்குப் பெயரோடு எழுதிச் சேர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அடுத்த கிராம சபையில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) தீர்மானம் கொண்டுவாருங்கள். "குளத்தைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். சர்வே எண், வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் (நிலப் பதிவேடு) உள்ள பரப்பு, கழிவு கொட்டும் இடம், கிழமை, நேரம், யார் எத்தனை நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) நகலை இணையுங்கள். உங்களுக்குப் பக்கத்திலுள்ள வேம்பனூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த 19.75 ஹெக்டேர். ஈரநில விதிகள், 2017 அப்படிப்பட்ட நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பையும் திடக்கழிவு கொட்டுவதையும் தடை செய்கின்றன. உங்கள் குளத்தின் வாய்க்கால் அதோடு சேர்கிறதா என்று புலப்படத்தில் பார்த்து, சேர்ந்தால் அதையும் தீர்மானத்தில் எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் நகல் அனுப்புங்கள். கிராம சபைத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.